இடது கைக்குச் செய்த கத்தி

கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, நீளமாக உருட்டி, இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். என் தோழி பென்சில் முனையால் என் விரல்களைச் சுற்றிக் கோடு இழுத்தாள். உள்ளங்கை அழுந்தும் இடம், சுண்டு விரல் மடங்கும் இடம், கட்டை விரல் சாயும் இடம். "மூச்சு விடு டி. கைய மட்டும் ஆட்டாத" என்றாள். ஒரு கத்திக்குப் பிடி போட இவ்வளவும்.

எனக்கு எல்லாமே இடது கைதான். எழுதுவதை மட்டும் பள்ளியில் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். கோணல் மாணலாக இன்றும் எழுதுகிறேன். மற்றபடி கத்தரிக்கோல், தோசைக் கரண்டி, டின் திறப்பான் எல்லாம் மற்றவர்களுக்காகச் செய்யப்பட்டவை, நான் இரவல் வாங்கியவள் மாதிரி பயன்படுத்துவேன். இதை அலுவலக கேன்டீனில் ஒருநாள் புலம்பியபோது எதிரில் இருந்தவள் மொபைலை நீட்டினாள். அவள் பிடி போட்ட கத்திகளின் படங்கள். "உனக்கு ஒண்ணு செய்யலாமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து தோழி.

அவள் வீடு லோத்குண்டாவில், ராணுவ முகாமின் சுவரை ஒட்டிய சந்தில். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டின் பின்புறம் அவள் அப்பாவின் வேலை மேசை. அதில் துளையிடும் மெஷின், சுற்றும் உப்புத்தாள் பட்டை, இறுக்கிப் பிடிக்கும் வைஸ். நான் குகட்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். வார இறுதிகளில் எனக்கு வேறு வேலையே இல்லை, இருந்தாலும் செய்யமாட்டேன்.

கத்தி மடங்காத ரகம். அலகின் எஃகு ஒரே துண்டாகப் பிடியின் கடைசிவரை ஓடும். அதன் இரு பக்கமும் மரத் தகடு வைத்து, பித்தளை ஆணி அடித்து, பசை போட்டு இறுக்கினால் பிடி. அந்தத் தகடுகளை நாங்கள் ஸ்கேல்ஸ் என்போம். உடைந்த கட்டில் ஒன்றின் ஈட்டி மரக் காலைப் பழைய சாமான் கடையில் பிடித்துவந்து அறுத்தோம். மாவில் பதிந்த கோடுகளைப் பார்த்துப் பார்த்து அவள் பட்டையில் தேய்த்தாள், நான் அரத்தால் இழைத்தேன். இடப்பக்கத் தகட்டில் உள்ளங்கைக் குழியை நிரப்பும் ஒரு மேடு. வலப்பக்கத்தில் விரல்கள் படுக்க மூன்று சரிவு. முடித்து முதன்முறை பிடித்தபோது கையில் ஒரு பொருள் இருப்பதாகவே தோன்றவில்லை. கை கொஞ்சம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கியது. அவள் சிரித்தாள், அப்புறம் அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

தீட்டுவது மட்டும் என் வேலை. அலகின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, கல்லை நனைத்து, நாலு இழுப்பு இழுத்துப் பார்த்தால் எங்கே மை போயிருக்கிறது, எங்கே போகவில்லை என்று தெரியும். கோணம் சரியா என்பதை அந்த மை சொல்லிவிடும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். விரல் நுனியைக் குறுக்கே நகர்த்தினால் நிரடும். பிறகு மென்மையான கல், கடைசியில் தோல் வார். என் கத்தியை இரு பக்கமும் சமமாகத் தீட்டமாட்டேன். இடப்பக்கச் சரிவு அகலம், வலப்பக்கம் குறுகல். இடது கையால் நறுக்கும்போது அப்போதுதான் நேராக இறங்கும். வெங்காயம் நறுக்கினால் சத்தமே வராது.

போன ஜூலை இறுதியில் அலுவலகம் என்னை மூன்று மாதத்துக்குப் புனேவுக்கு அனுப்பியது. மழைக்காலம். இந்த எஃகு எண்ணெய் இல்லாமல் விட்டால் துரு ஏறும். என் ஃபிளாட்டில் கூட இருப்பவர்கள் அந்தக் கத்தியால் பார்சல் பிரிப்பார்கள், தேங்காய் உடைப்பார்கள். ஆகவே துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தேன். ஒன்றே ஒன்று சொன்னேன்: "தீட்டாத. எண்ணெய் மட்டும் போடு."

"ஹவ் டி" என்றாள், அந்த ஊர் வழக்கில் 'ஆமாம்'. "ஒவ்வொரு சண்டேயும் ஃபோட்டோ அனுப்பறேன், போதுமா?"

அனுப்பினாள். ஞாயிறு தவறாமல் ஒரு படம், மஞ்சள் துணிமேல் எண்ணெய் மினுங்கும் கத்தி. புனேயில் அறைத் தோழிக்கு அதைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். கத்தியைப் பற்றி அல்ல, இப்படி ஒரு சிநேகிதி இருப்பதைப் பற்றி.

திரும்பி வந்த முதல் சனிக்கிழமையே லோத்குண்டா போனேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா கதவைத் திறந்து, கன்னத்தைக் கிள்ளி, சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, ஒரு தட்டில் கொய்யாக்களை முன்னால் தள்ளினார்.

"சும்மா உக்காந்திருக்க நக்கோ, வேணாம், இத நறுக்கு. அவ செஞ்ச கத்தியிலயே நறுக்கு பாப்போம். அறுப்பின் பண்டிகையில ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வாங்குன கத்தி."

ஃபிரிட்ஜ்மேல் காந்தத்தால் ஒட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார். அவர்கள் தேவாலயச் சபையில் வருஷா வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையின்போது வீட்டில் கையால் செய்த பொருட்களை மேசைமேல் பரப்பி வைப்பார்களாம். ஜாம், பின்னல் வேலை, மரச்சிலுவை. இந்த வருஷம் என் தோழியின் கத்தி. சான்றிதழில் அவள் பெயர்.

ஏதோ குழப்பம், அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். தட்டின் ஓரத்தில் இருந்த என் கத்தியை எடுத்தேன். கூர் பளபளத்தது, நான் தீட்டியதைவிடவும் பளபளப்பு. கொய்யாவில் வைத்து அழுத்தினேன். அலகு நேராக இறங்காமல் இடப்பக்கம் விலகிப்போனது. துண்டு மேலே தடித்து, கீழே காகிதமாக மெலிந்து விழுந்தது. இன்னொன்று நறுக்கினேன். அதுவும் அப்படியே. திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். அகலச் சரிவு வலப்பக்கத்தில் இருந்தது.

அப்போதுதான் கை உணர்ந்தது. உள்ளங்கைக் குழி காலியாக இருந்தது. அந்த மேடு இல்லை. இடப்பக்கத் தகடு வழவழவென்று தட்டையாக, மூன்று புதிய சரிவுகளோடு. வலது கைக்கு மாற்றிப் பிடித்தேன். அழகாகப் பொருந்தியது.

அம்மா அடுப்பைப் பார்க்கப் போனார். அவள் தலையில் துண்டோடு வந்தாள், என்னைக் கட்டிக்கொள்ளக் கை விரித்தாள், என் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றாள்.

சர்ச்சில் பாடும் க்வயர் ஆட்கள் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்களாம். மேசையில் கத்தியைப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார்களாம். இவள் 'நான்' என்றாளாம். ஒவ்வொருவராகக் கையில் எடுத்துப் பார்த்தார்களாம். இதையெல்லாம் சமையலறைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"யார் கையிலயும் உக்காரல டி. பிடி கோணலா இருக்கு, தெரியாம செஞ்சிருக்கன்னாங்க. பண்டிகைக்கு வெக்கறதா வேற சொல்லிட்டேன்."

"என் கையில உக்காந்துச்சே."

"உன் ஒருத்தி கையிலதான?"

சொன்ன பிறகு அவளே உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு தொடர்ந்தாள். பாதி அவளும் செய்ததுதானே, துளை போட்டது அவள்தானே, நான் புனேயிலேயே இருந்துவிடுவேன் என்று டீமில் பேசிக்கொண்டார்களே. அதெல்லாம் உண்மைதான். துளை போட்டது அவள்தான்.

"வேற ஒண்ணு செஞ்சு தரேன். இதவிட நல்லா."

"இது என்னோடதுன்னு சொல்லியிருந்தா போதும்ல. இடது கைக்காரி கத்தி, அதான் உங்க கைக்கு வரலன்னு. ஏழு வார்த்தை."

அவள் துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டத் தொடங்கினாள். அம்மா டீ கொண்டுவந்தார். குடித்தேன். கொய்யாவையும் சாப்பிட்டேன், அம்மாவுக்காக. கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்ததை அவள் தடுக்கவில்லை. "எங்க எடுத்துட்டுப் போறம்மா?" என்று அம்மா கேட்டார். "தீட்டித் தரேன் ஆன்ட்டி" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே பொய் அது.

பஸ்ஸில் அவள் அனுப்பிய படங்களைத் திறந்தேன். முதல் நான்கு ஞாயிறுகளின் படங்கள் ஒவ்வொன்றும் வேறு மாதிரி. ஐந்தாவதிலிருந்து கடைசிவரை எல்லாவற்றிலும் மஞ்சள் துணியின் அதே மூலையில் அதே எண்ணெய்த் துளி, அதே ஜன்னல் கம்பியின் நிழல். கத்தியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் மேடு அப்படியே இருந்தது. அதாவது, தேய்ப்பதற்கு முன்னால் ஒரே உட்காரலில் மீதி வாரங்களுக்கும் சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் மெஷினைப் போட்டிருக்கிறாள். யாரோ குறை சொன்ன வெட்கத்தில் செய்துவிட்டாள் என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பாலாநகர் வரும்போது அதையும் நிறுத்திவிட்டேன்.

அலகின் சரிவை மாற்ற நான்கு ஞாயிறுகள் ஆயின. மார்க்கர் பூசி, கரடுமுரடான கல்லில் தொடங்கி, அகலச் சரிவை இடப்பக்கத்துக்குத் திருப்பினேன். அலகு ஒரு நூலளவு குறைந்தது. எஃகு அதற்கு ஒத்துக்கொண்டது. மரம் ஒத்துக்கொள்ளாது, தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இப்போது நேராக வெட்டுகிறது. ஆனால் பிடித்தால் யாருடைய கையையோ குலுக்குகிற மாதிரி இருக்கிறது.

அவள் இரண்டு முறை மெசேஜ் அனுப்பினாள். இரண்டாவதில், 'புது ஸ்கேல்ஸுக்குத் துளை போட மெஷின் வேணும்ல, வா' என்று இருந்தது. சான்றிதழைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் பதில் போடவில்லை. கையால் சுற்றும் துளைக் கருவி ஒன்று வாங்கிவிட்டேன், மெதுவாகத்தான் இறங்கும்.

போன வாரம் மாவு பிசைந்தேன். இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கோடு போட வேறு கை இல்லாததால் பென்சிலை வலது கையில் எடுத்தேன், பள்ளிக்கூடத்தில் பிடித்த மாதிரியே. சுண்டு விரலிடம் கோடு நடுங்கி வெளியே ஓடியது. அழித்துப் போட மாவில் முடியாது. அப்படியே ஜன்னலில் காய வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டுக்குத்தான் மரத்தை இழைக்கப் போகிறேன்.