தேய்ந்த விரலுக்கு ஒரு வாக்கியம்

மின்னாளுமைக் கொள்கை எழுதுவது, இன்னும் கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜன்னல் திரை தைக்கிற வேலை. "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பிய எல்லோரும் எனக்குச் சொந்தம். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து அதே அவதியைப் படுகிறவள் நான்.

காகிதம் ஒழிந்த அலுவலகம்

பெங்களூரில் எங்கள் புத்தாக்கப் பிரிவு காகிதத்தைக் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதாவது, கணினியில் வரும் ஒவ்வொரு கோப்பையும் கண்காணிப்பாளர் நாகராஜ் சார் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, மறுபடி கணினியிலேயே ஏற்றுவார். மதியங்களில் வெளியே மரங்கள் ரோஜா நிறப் பூக்களைச் சத்தமில்லாமல் உதிர்க்கும். உள்ளே பிரிண்டர் தூக்கத்தில் பேசுவதுபோல முனகும். எதற்கு சார் இந்தச் சுற்று என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதை எப்படிம்மா நம்புறது? தொட்டுப் பார்க்க முடியலையே."

ஈஜிபுரா முகாம்

விதவை உதவித்தொகை வாங்குபவர்கள் மாதம் ஒருமுறை விரல் ரேகை வைக்கும் சோதனைத் திட்டம். நகரின் ஈஜிபுரா பகுதியில் நடந்த முகாமைப் பார்த்துக் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். செல்வி அக்கா வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறவர். அவர் வந்து நின்றதும் முகாமே கோயில்போல மணத்தது. ஆனால் ஆறு முறை விரல் வைத்தும் இயந்திரத்தில் சிவப்பு விளக்குதான். மூன்று மாதம் தொடர்ந்து ரேகை பொருந்தாவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் தானாக நீங்கிவிடும். அவருக்கு அது இரண்டாவது மாதம்.

"உருட்டி உருட்டி ரேகையெல்லாம் சாமிகிட்ட போயிடுச்சு பாப்பா. நான்தான் செல்வின்னு மிஷின்கிட்ட நீயாவது சொல்லேன்."

நான்காம் பக்கம்

அன்று மாலை அல்சூர் ஏரிக்கரையில், தண்ணீரில் விளக்குகள் கரைவதைப் பார்த்தபடி, மனசுக்குள் ஒரு வாக்கியம் எழுதினேன்: ஒருவரின் ரேகை பொருந்தாவிட்டால், அவரைத் தெரிந்த அங்கன்வாடி ஊழியர் அடையாளம் சொன்னால் போதும். மறுநாள் காலை அதை வரைவின் நான்காம் பக்கத்தில் சேர்த்தேன்.

கோப்பு மூன்று மேசைகளைக் கடந்து ஒப்புதலோடு திரும்பி வந்தது. திறந்தேன். பக்கம் ஒன்று, மூன்று, ஐந்து. நாகராஜ் சார் தாளின் இரண்டு பக்கத்திலும் அச்செடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்திருந்தார். பாதி வாக்கியத்தில் முடிந்த பக்கங்களைப் படித்து மூன்று அதிகாரிகள் திருப்தி அடைந்திருந்தார்கள். மிச்சம் இருந்தது இயக்குநரின் கையெழுத்து மட்டும். சாரிடம் போய்ச் சொன்னேன்.

"மூணு பேருக்குப் புரிஞ்சிருக்கு. நீ ஏம்மா குழப்புற?"

நான் எழுந்து நின்ற நாள்

இறுதிக் கூட்டத்தில் இயக்குநர் மேடம், யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல யாருக்கும் இல்லை. நான் எழுந்து நின்றேன். என் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. செல்வி அக்காவின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். அப்புறம்தான் காணாமல்போன பக்கங்களைப் பற்றி. மேடம் கொஞ்ச நேரம் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார்.

"ஒன்றரை வருஷத்துல இன்னைக்குத்தான் உன் குரலைக் கேக்குறேன். போய் மிச்சப் பக்கத்தைக் கொண்டு வா, படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

மூன்றாவது மாதம்

அங்கன்வாடி ஊழியர் கணினியின் முன் உட்கார்ந்து, இவர் செல்விதான் என்று ஒரு பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. செல்வி அக்கா விளக்கைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைத்தான் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இவ சொன்னாத்தான் நான் உண்டுன்னா, மாசாமாசம் இந்தத் தேதியில இவ லீவு போடாம பார்த்துக்கோங்க."

இத்தனை சர்வர்களும் திரைகளும் இருக்கிற அரசாங்கத்துக்கு, புத்தாக்கப் பிரிவிலிருந்து நான் கண்டுபிடித்துக் கொடுத்த ஒரே புதுமை, ஒருவரை யாரென்று அறிய அவரைத் தெரிந்தவரிடம் கேட்கலாம் என்பதுதான்.