சுரேஷ் பேரில் வந்த பிரகாஷ்

எங்கள் ஊர் வடக்குத்தில் முதல் டிவி வந்த வருடம். முந்திரி பூத்தும் காய்க்காமல் போன வருடமும் அதுதான். நிலக்கரி மைன்ஸ் பார்க்க வந்த ஒரு காலேஜ் வேன் சேத்தியாத்தோப்பு ரோட்டில் லாரியில் மோதியது. வேனில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிணங்களைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

இன்று காலை டீக்கடை வாசலில் ஒரு காலேஜ் பஸ் நின்றது. வாத்தியார் பேர் கூப்பிட்டார்.

"சுரேஷ்!"

ஒரு பையன் கை தூக்கினான். பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள்.

"டேய் பிரகாஷு, நீ எப்படா சுரேஷ் ஆன?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன்.

"சுரேஷுக்குக் காய்ச்சல், பெரியவரே. இவன் பதிலா வந்துருக்கான். பேர மாத்தினா பிரின்சிபால்கிட்ட மறுபடி கையெழுத்து வாங்கணும். ஒரு நாள் டூர்தானே?"

"முன்னாடி இந்தப் பக்கம் லாரில மோதுன ஒரு காலேஜ் வேன்லயும் ஒரு பொண்ணு இப்படித்தாங்க, ஹாஸ்டல்ல படுத்திருந்தவ பேர்ல வந்துச்சு. லிஸ்ட்ட பாத்து தந்தி அடிச்சாங்க. ஓடியாந்த அப்பன், இது எம் பொண்ணு இல்லன்னு சிரிச்சாரு. செத்தவளோட அம்மா அன்னைக்கு ஊர்ல மொளகா நட்டுக்கினு இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுதான் அதுக்குத் தெரியும்."

வாத்தியார் டீயைக் கீழே வைத்தார். லிஸ்டில் சுரேஷ் பேரை அடித்து பிரகாஷ் என்று எழுதி, போட்டோ எடுத்து காலேஜுக்கு அனுப்பினார். பிரின்சிபால் போனில் திட்டியது எனக்கே கேட்டது.

எழுத்துத் தெரியாதவன், போனில் வாயால் சொல்லி எழுத வைத்துத்தான் இதைப் போடுகிறேன். படித்தவர்கள் சொல்லுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளை யார் பேரில் டூர் போகிறது?

அந்தப் பழைய வேன் லிஸ்டில் இருந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒருத்திதான், வேனில் ஏறாமல் ஹாஸ்டலில் படுத்திருந்த மல்லிகா.