சர்ச்சில் ஒலித்த கெட்டிமேளம்

போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய சர்ச் இருக்கிறது. அங்கே மாசத்துக்கு ஒருமுறை ஜாஸ் கச்சேரி வைக்கிறார்கள். தஞ்சாவூரில் போய் ஜாஸா என்று முதலில் எனக்கும் சிரிப்புதான் வந்தது. நான் ஒரு பெண்கள் பள்ளியில் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். என் வகுப்புப் பெண்கள் சிலர் அந்த சர்ச்சின் பாடகர் குழுவில் இருக்கிறார்கள். ஆசையாகக் கூப்பிட்டார்களே என்று போனேன். பிடித்துப்போய், விடாமல் போக ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கச்சேரியில் மைக், ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. உயரமான கூரைக்குக் கீழே வெறும் கருவிகள்தான். யாராவது தொண்டையைச் செருமினால்கூடக் கடைசி பெஞ்சு வரை கேட்கும். அதனால் ஆரம்பிக்கும் முன்னால் ஃபாதர் எழுந்து, "தயவு பண்ணி எல்லாரும் போனை அணைச்சிடுங்க" என்று கேட்டுக்கொள்வார். நானும் போனை சைலன்டில் போட்டுப் பையில் வைத்தேன். அதற்கு முந்தின நாள்தான் வகுப்பில் ஒரு பெண்ணின் போன் ஒலித்ததற்கு, ஒழுக்கம் அது இதுவென்று பாதிப் பீரியட் பொரிந்து தள்ளியிருந்தேன். அந்தப் பெண்ணும் அன்றைக்கு எனக்குப் பின் பெஞ்சில்தான் இருந்தாள்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். அறுபது வயதைத் தாண்டியிருக்கும். வேட்டி, அரைக்கைச் சட்டை, நனைந்த குடை. பாபநாசம் பக்கத்தில் கிராமமாம். சம்பா நடவை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"இதுல எப்பங்க கைதட்டணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தர் தனியா வாசிச்சு முடிச்சதும் பாட்டு நடுவுலயே தட்டலாம். எல்லாரும் தட்டுறப்போ நீங்களும் தட்டுங்க" என்றேன், ஏதோ பிறந்ததிலிருந்து ஜாஸ் கேட்டவள் மாதிரி. அதற்குள் பின்னாலிருந்து என் மாணவிகள் "குட் ஈவ்னிங் டீச்சர்" என்றார்கள். அவர், "டீச்சருங்களா!" என்று சொல்லி, எனக்கு இடம் தாராளமாக இருக்கட்டும் என்று சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

சென்னையிலிருந்து வந்திருந்த நாலு இளைஞர்கள் வாசித்தார்கள். ட்ரம்பெட், கிடார், ட்ரம்ஸ், அப்புறம் டபுள் பேஸ். அது ஆள் உயரத்துக்கு ஒரு வயலின் மாதிரி இருக்கும். நின்றுகொண்டு, கட்டிப்பிடித்த மாதிரி வாசிக்க வேண்டும். மூன்றாவது பாட்டில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டே வந்து, ட்ரம்பெட் மட்டும் மூச்சு விடுகிற அளவுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. சர்ச்சில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

அப்போதுதான் கெட்டிமேளம் கொட்டியது. தவில், நாதஸ்வரம், ஜால்ரா, எல்லாம் சேர்ந்து.

என் போன்தான். எங்கள் தெருவில் சாயங்காலம்தான் தண்ணீர் வரும். மோட்டார் போட மறக்கக் கூடாதென்று அலாரம் வைத்திருந்தேன். மிக்ஸி ஓடினாலும் காதில் விழ வேண்டுமே என்று கெட்டிமேளத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். சைலன்டில் போட்டாலும் அலாரம் அடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பைக்குள் கையை விட்டு, கைக்குக் கிடைத்த பட்டனை அழுத்தினேன். நின்றது. அதற்குள் வாசிப்பும் நின்றிருந்தது.

சத்தம் கூரையில் பட்டு எதிரொலித்ததில், எங்கள் பெஞ்சிலிருந்து வந்தது என்பதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை. எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பின்னால் என் மாணவிகள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைத் திருப்பி, பக்கத்திலிருந்த பெரியவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. வெறுமனே பார்த்தேன். சர்ச்சே அவரைப் பார்த்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பைக்குள் இருந்த என் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "மன்னிச்சுக்குங்க, தெரியாம அடிச்சிருச்சு" என்றார்.

வாசலில் நின்ற தன்னார்வலர் ஒருவர் வந்து, "இடைவேளை வரைக்கும் கொஞ்சம் வெளியில இருங்கய்யா" என்று அவரை அழைத்துப் போனார். வெளியே மழை வலுத்திருந்ததால், சத்தம் உள்ளே வராமல் இருக்கக் கதவையும் சாத்தினார். "இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் யாரு உள்ள விட்டது?" என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அப்போதாவது எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை.

அடுத்த பாட்டில் டபுள் பேஸ் பையன் தனியாக வாசித்தான். தலையை நிமிர்த்தவே இல்லை. கம்பிகளைப் பிய்த்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. அவ்வளவு வேகம், அவ்வளவு ஆவேசம். முடிந்ததும் சர்ச் அதிர்கிற மாதிரி கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கைதட்டல் ஓய்ந்து, கிடார் மெல்ல ஆரம்பித்தது. மறுபடியும் கெட்டிமேளம். நான் அலாரத்தை அணைத்திருக்கவில்லை, சில நிமிஷம் தள்ளித்தான் போட்டிருக்கிறேன். இந்தமுறை பெஞ்சில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"டீச்சர்... உங்க பை" என்றாள் பின்னாலிருந்த பெண். நான் வகுப்பில் திட்டிய அதே பெண். குரலில் கேலி துளிகூட இல்லை, என்னை எப்படியாவது காப்பாற்றப் பார்க்கிற மாதிரி கிசுகிசுத்தாள். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

பெரியவர் போர்ட்டிகோவில், சாத்திய கதவின் இடுக்கில் காதை வைத்தபடி நின்றிருந்தார். மழைச்சாரலில் வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஐயோ, திரும்ப அடிச்சிருச்சா?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்னால உங்க பிள்ளைங்க உக்காந்திருக்கே. திங்கக்கிழமை அதுங்க முன்னால நீங்க நிக்கணும்ல. என்னை இங்க யாருக்குத் தெரியும்?" என்றவர், கதவுப் பக்கம் பார்த்து, "ஒருத்தனைத் தவிர" என்றார். "அந்தப் பெரிய வயலினை வாசிக்கிறானே, நம்ம பையன்தாங்க. இன்ஜினியரிங் முடிச்சிட்டு இதுக்குப் போயிட்டான்னு கொஞ்ச வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. நம்ம ஊருப் பக்கமே வந்து வாசிக்கிறேன், ஒரு தடவை வந்து கேளுங்கன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிவிட்டான். இப்ப எல்லாரும் கைதட்டினாங்களே, அது அவன் தனியா வாசிச்சதுக்கா?"

"ஆமாங்க."

"மழையில சரியா கேக்கல. நல்லா வாசிச்சானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இடைவேளையில் அந்தப் பையனைத் தேடிப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மாணவிகளும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

"அப்பா எழுந்து போறதை மேடையில நின்னு பார்த்தேன் மேடம். வந்த இடத்துலயும் அசிங்கப்படுத்துறார், இவர் மாறவே மாட்டார்னு நினைச்சேன். அந்த ஆத்திரத்துலதான் வாசிச்சேன்" என்று சொல்லிவிட்டு, நேரே போர்ட்டிகோவுக்குப் போனான். அப்பாவின் ஈரத் தோளைத் தொட்டான். என்ன பேசினார்கள் என்று தெரியாது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, முன் வரிசையில் உட்கார வைத்தான்.

உட்காரும்போது அவர், "முன்னாடி தனியா வாசிச்சியே, அதையே இன்னொரு தடவை வாசியேன்பா" என்று கேட்டார்.

அவன் சிரிக்கப் பார்த்தான். "அது அப்பப்போ மனசுல தோணுறதுப்பா. அதே மாதிரி திரும்ப வராது. வேற வாசிக்கிறேன்."

வேறு வாசித்தான். நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டார். முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார்.

திங்கட்கிழமை வகுப்பில், கரும்பலகைப் பக்கம் திரும்பும் முன்னால், அன்றைக்கு வராத பெண்களுக்கும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அவர் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டதை யாரிடமாவது சொன்னால், "பதற்றத்துல அப்படித்தான் ஆகும்" என்று சமாதானம் சொல்கிறார்கள். திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடி வேண்டுமானால் பதற்றமாக இருக்கலாம். ஆனால் அவரை மழையில் நிற்கவைத்துவிட்டு, அவர் எழுந்துபோன இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பிள்ளையின் இசைக்கு நான் கைதட்டினேனே, அதற்குச் சொல்லிக்கொள்ள இன்றுவரை என்னிடம் ஒரு காரணமும் இல்லை.