தொங்கினாலும் இரண்டேகால் டன்தான்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினைந்து வருடம் கிரேன் ஆபரேட்டர். இப்போது கிரேன் வேலைக்குச் சேர்கிறவர்கள் பாதுகாப்பு விதிகளைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தவள்தான். அதனால் எழுதுகிறேன்.

1. செவ்வாய்க்கிழமை காலை

"கைய எடு டில்லி!" என்று நான் கத்தியபோது, டை அவனிடமிருந்து இரண்டடி தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

டை என்பது தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சு. அன்று தூக்கியது இரண்டேகால் டன். டில்லி எங்கள் டை செட்டர். டையைப் பிரஸ்ஸில் உட்காரவைத்து போல்ட் முடுக்குவது அவன் வேலை. என்னைவிட நாலு வயது சின்னவன், வாய் மட்டும் பத்து வயது பெரியது.

நான் கையிலிருந்த கிரேன் பட்டனை விட்டேன். கிரேன் நின்றது. டை நிற்கவில்லை. கிரேனுக்கு பிரேக் உண்டு, செயினில் தொங்கும் இரும்புக்கு ஏது பிரேக்? அது மெல்ல முன்னால் ஆடியது. குழந்தை நடக்கிற வேகம்கூட இல்லை.

"பூ மாதிரிதாங்கா வருது, நான் புட்ச்சிக்கிறேன்" என்று டில்லி நீட்டிய இரண்டு கையையும் எடுக்காமல் நின்றான். அவனுக்குப் பின்னால் தூண் இருந்ததை அவன் பார்க்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

கடைசி நொடியில் உடம்பை விலக்கிக்கொண்டான். வலது கை மட்டும் மாட்டிக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் நசுங்கின. பெரிய சத்தம்கூட வரவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

2. என் வித்தை

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆடிட்டுக்கு யார் வந்தாலும் டையைத் தூக்கி நிறுத்தி, ஒரே விரலால் தள்ளிக் காட்டுவேன். தாளம் தப்பாமல் ஆறேழு தடவை தள்ளினால் போதும், இரண்டேகால் டன் ஊஞ்சலாடும். "கிரேன் இருந்தா இதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க" என்று அலட்டிக்கொள்வேன். வந்தவர்கள் செல்போனில் படம் எடுப்பார்கள். டில்லி பக்கத்தில் நின்று சிரிப்பான். விரலால் தள்ள முடிந்ததைக் கையால் நிறுத்த முடியாதா என்று அவன் நினைத்தால், அந்த நினைப்பை வளர்த்தவள் நான்.

ஆறேழு தடவை தள்ளிச் சேர்த்த ஆட்டத்தை ஒரே பிடியில் நிறுத்த முடியாது. இதை நான் ஒருநாளும் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே அப்போது தெரியாது.

3. ஒரு கையெழுத்து

பத்து நாள் கழித்து டில்லியைப் பார்க்க ரயிலேறி வேப்பம்பட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கம்பெனி காகிதம். விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று டைப் அடித்திருந்தது. அதில் அவன் கையெழுத்துப் போட்டால் டை செட்டிங்கிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள்.

"போட்டுர்றேங்கா. மெல்லத்தான வந்துச்சி, நான்தான் சரியா புடிக்கல. பத்தொம்பது வருசம் டை செட் பண்ணவன், இனிமே அட்டப்பெட்டி ஒட்டிகினு கெடக்கணும். இன்னா பண்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாலு நாள் பொறுடா, கையெழுத்து மட்டும் போடாத" என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பும் ரயிலில் யோசித்தேன். பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது ஞாபகம் வந்தது: நிறை என்பது ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு, எடை என்பது அதன்மேல் செயல்படும் புவியீர்ப்பு விசை. வரி பிசகாமல் எழுதி இரண்டு மதிப்பெண்ணும் வாங்கினேன். ஒரு எழுத்துகூட மண்டைக்குள் போகவில்லை. ஆவடி தாண்டும்போதுதான் போனது. டையின் எடையைச் செயின் தாங்குகிறது, அதனால் நமக்குப் பாரம் தெரியவில்லை. நிறையை யார் தாங்க முடியும்? அது டையிலேயே இருக்கிறது. நிலாவில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாலும் அந்த விரல்கள் நசுங்கியிருக்கும்.

4. எண்ணெய் டின்

எங்கள் மேனேஜர் திருச்சிக்காரர், நல்ல மனிதர், ஆனால் காகிதத்தை நம்புகிறவர். மறுநாள் அவரிடம் போய் டில்லியின் காகிதத்தை மாற்றச் சொன்னேன். "செயின் ஓகே, ஹூக் ஓகே. டையும் ஸ்லோவாதான் வந்திருக்கு. வேற என்னன்னு எழுதறது வசந்தாம்மா?" என்றார்.

"அரை மணி நேரம் கொடுங்க சார்" என்றேன்.

எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். தூணில் ஒரு காலி எண்ணெய் டின்னைச் சாய்த்து வைத்தேன். முதலில் காலி மரப்பெட்டியைத் தொங்கவிட்டு, அதில் கயிறு கட்டி, தரையில் போட்ட சாக்பீஸ் கோடு வரைக்கும் நானே இழுத்து விட்டேன். டின்னை டொக் என்று தட்டிவிட்டுத் திரும்பியது. அடுத்து அதே செயினில் டை. அதே கோட்டுக்கு இழுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். விட்டார்கள். அதே சோம்பேறி வேகத்தில் வந்து டின்னைத் தொட்டது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. டின் பாதிக்கு மேல் நசுங்கியது.

மேனேஜர் மஞ்சள் கோட்டிலிருந்தே டின்னை எட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஸ்பீடுதானே?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். ரெண்டோட எடையையும் செயின்தான் தாங்குது. நிறைதான் சார் வேற. நிறுத்தப் போறவன்கிட்டதான் அது தன்னைக் காட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்: "விரலால தள்ளி விளையாட்டு காட்டினது நான். டைக்கும் தூணுக்கும் நடுவுல ஆள் நிக்கும்போது டையை நகர்த்தினதும் நான். அதையும் எழுதுங்க."

எழுதினார். கவனக்குறைவு என்ற வரி போய், வேலை முறையில் குறை என்று வந்தது. எனக்கு ஒரு மெமோ. வாங்கிக்கொண்டேன். தொங்கும் சுமையை யாரும் கையால் தொடக்கூடாது, இரண்டு பக்கமும் வழிகாட்டிக் கயிறு கட்ட வேண்டும், சுமைக்கும் தூணுக்கும் நடுவில் ஆள் நிற்கக்கூடாது என்று புது விதி வந்தது.

இரண்டு மாதம் கழித்து டில்லி டை செட்டிங்குக்கே திரும்பி வந்தான். நடுவிரல் முழுசாக மடங்கவில்லை. கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்றான். நான் டையை நகர்த்தி நிறுத்தினேன். அது வழக்கம்போல முன்னால் ஆடியது. டில்லி அவசரப்படவில்லை. ஆடும்போதெல்லாம் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தான், கொஞ்சம் விட்டான். ஏழெட்டு ஆட்டத்தில் டை பிரஸ்ஸுக்கு நேராக அசையாமல் நின்றது. நான் கற்றது அவ்வளவுதான்: கனமானதைக் கிளப்ப நேரம் ஆகும், நிறுத்தவும் அதே நேரத்தைக் கொடுக்க வேண்டும்.

"எறக்குக்கா, இன்னா பாத்துகினு கீற?" என்று கத்தினான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறக்கினேன். டை உட்கார்ந்ததும் ஸ்பேனரை வலது கையில் எடுத்து, நான்கு போல்ட்டையும் அவனே முடுக்கினான்.