முனை எட்டாத முளைகள்

டிரேசிங் துணியின் மேல் மசிப்பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போன என் கை, அந்தச் சனிக்கிழமை மதியம் சட்டென்று நின்றது. புள்ளிகள் தீர்ந்துவிட்டன, உத்திரம் இன்னும் மிச்சமிருந்தது. அறுபதுகளின் தொடக்கம். மன்னார்புரத்தில் ஒரு பொறியாளரின் சின்ன அலுவலகத்தில் படங்களை நகலெடுப்பது என் வேலை. அவரை எல்லோரும் 'சார்' என்றுதான் அழைப்போம்.

மணப்பாறைப் பக்கம் ஒரு வாய்க்காலுக்குப் பாலம் கட்டவிருந்தார்கள். இரும்பு உத்திரங்கள், மேலே கான்கிரீட் தளம். இரண்டும் நழுவாமல் சேர்ந்தே பாரம் தாங்குவதற்காக, உத்திரத்தின் முதுகில் குட்டை இரும்பு முளைகளை வரிசையாக வெல்டிங் செய்து கான்கிரீட்டுக்குள் புதைய விடுவார்கள். நான் வைத்த ஒவ்வொரு புள்ளியும் ஒரு முளை. முனைகளில்தான் அவை அதிகம் தேவை என்று சாரே சொல்லியிருக்கிறார்.

"சார், நீங்க எழுதின கணக்குக்கு முளை முனை வரைக்கும் எட்டலை" என்றேன். எதிரே காண்டிராக்டர் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை வெல்டிங் தொடங்க வேண்டும் என்று அவருக்கு அவசரம். சார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "புள்ளி வைக்கத் தெரியலைன்னா கணக்கைக் குறை சொல்லாதீங்க" என்றார்.

ஸ்ரீரங்கம் வரும்வரை பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். நான் வேலைக்குப் போவதே அப்பாவுக்குப் பிடிக்காது. "போதும்மா, இனிமே போக வேண்டாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். வாசலில் சார் நின்றார். சட்டையெல்லாம் வியர்வை, கையில் சுருட்டிய படம். விடியற்காலையிலேயே மணப்பாறைக்குப் போய் டேப் பிடித்து அளந்துவிட்டு நேராக வந்திருக்கிறார். அப்பாவின் எதிரே தரையில் படத்தை விரித்தார்.

"வாய்க்கால் ரோட்டுக்குக் குறுக்கே நேராப் போகலைங்க, சாய்ஞ்சு போகுது. நான் வாய்க்காலோட நேர் அகலத்தை வச்சு முளையை எண்ணிட்டேன். உத்திரம் அதைவிட நீளம். உங்க பொண்ணு சொன்னது சரி. காண்டிராக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நேத்து அவர் எதிர்ல உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா."

அப்பா படத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "சாய்ஞ்சா ஏன் நீளம் கூடுது?" சார் பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் கோடு போட்டுச் சொல்லச் சொல்ல, அப்பாவின் விரல் அதன் பின்னாலேயே நகர்ந்தது. திங்கட்கிழமை காலை, பஸ் ஸ்டாப் வரை அவரும் கூடவே நடந்து வந்தார்.

இன்று சாரும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தப் பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அந்தத் திங்கட்கிழமை, திருத்திப் புதிதாக வரைந்த படத்தில் சார் கையெழுத்திட்டுவிட்டு, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். "நீங்க போடுங்க" என்றார். பொறியாளர்கள் மட்டுமே எழுதும் இடம் அது. என் பெயர் கோணலாக விழுந்தது. "சுரண்டிட்டு மறுபடி எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, மசி காயும்வரை துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.