தொண்டையில் நின்ற மாதா சுரூபம்

எழுபதுகளில், என் மூத்த மகள் தவழ்ந்து திரிந்த காலம். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா சுரூபம் கட்டியிருந்தோம். மாதா உருவம் பதித்த உலோகப் பதக்கம், சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஞானஸ்நானத்தன்று என் வீட்டுக்காரரின் அக்கா போட்டது. மைனி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். எங்கள் கடற்கரைத் தெருவில் சுரூபம் இல்லாத பிள்ளைக் கழுத்து கிடையாது.

ஒரு காலையில் நான் மீன் அறுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை இருமினாள். திரும்பிப் பார்த்தால் கயிறு மட்டும் ஈரமாகத் தொங்குகிறது. சுரூபத்தின் வளையத்தைக் கடித்தே விரித்திருக்கிறாள். மூச்சு சீராகத்தான் வந்தது. ஆனால் எச்சில் நூலாக வடிந்தபடி இருந்தது. பால் கொடுத்தேன், குடித்த வேகத்தில் வெளியே வந்துவிட்டது.

மைனி கிண்ணத்தில் சோற்றை உருட்டிக்கொண்டு ஓடி வந்தாள். தொண்டையில் எது சிக்கினாலும் எங்கள் பக்கம் மீன்முள் வைத்தியம்தான். சோற்று உருண்டையை மெல்லாமல் விழுங்கினால் முள் இறங்கிவிடும் என்பார்கள்.

“ஏளா, பிள்ளையைப் பிடி. மாதாதானே உள்ள போயிருக்கா, ஒரு கேடும் வராது.”

“மாதா இருக்கிற இடம் கோயிலு மைனி, பிள்ளை தொண்டை இல்ல. பால் இறங்காத இடத்துல சோறு எப்படி இறங்கும்?”

“பெரிய டாக்டரம்மா இவ! தம்பி வந்து கேட்டா நான் என்ன சொல்ல?”

தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கிறவள் நானும் இல்லை. பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு ரிக்சாவில் ஏறினேன். மைனியும் ஏறினாள், சோற்றுக் கிண்ணத்தோடு.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொண்டைக்குக் கீழே, இரை இறங்குகிற குழாயில், வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். மைனி சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சாப்பிட என்ன கொடுத்தீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“பால் கொடுத்தேன், அப்பமே திரும்பிட்டு. பொறவு ஒண்ணும் கொடுக்கல.”

“நல்ல காரியம். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்கணும். வயித்துல சோறு கிடந்தா வாந்தி வந்து மூச்சுக்குழல்ல போயிரும்.”

மைனி கிண்ணத்தை முந்தானையால் மூடினாள்.

சம்மதம் கேட்டார்கள். எழுத்துக் கூட்டி என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவு எழுத்து எனக்கு வரும். பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். மைனி ஜெபமாலை உருட்டினாள். நான் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வந்து நிற்க வேண்டிய வாசலில்தான் நிற்கிறேன் என்று தெரிந்திருந்தது.

வெகுநேரம் கழித்து உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. கம்மியிருந்தாலும் என் மகள் குரல்தான்.

நர்சம்மா சுரூபத்தைப் பஞ்சில் வைத்துத் தந்தாள். மைனி அதை வாங்கி உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டு, பிள்ளை கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

“மைனி!” என்றேன்.

கை அப்படியே நின்றது. “சரிளா, கத்தாத. என் ஜெபமாலையில கிடக்கட்டும். நான் ஒண்ணும் முழுங்க மாட்டேன்.”

“அந்தக் கிண்ணத்தை இங்கன தாங்க.”

காலையிலிருந்து பட்டினி. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அந்தச் சோற்று உருண்டையை நிதானமாக, மென்றே தின்றேன்.