செருப்புக்கு லேஸ் கட்டினேன்

என் வீட்டிலிருந்து கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. அதற்குள் மூன்று முறை கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். யாருக்கும் தெரியாமல் இருக்க, ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்துகொள்வேன். ஒருநாள், தினமும் என்னோடு ரயிலில் வேலைக்கு வரும் கூட்டாளி தாஸ் பார்த்துவிட்டார்.

"இன்னாபா, செருப்புக்குக் கூடவா லேஸ் கட்டுறே?"

அன்று நான் போட்டிருந்தது செருப்பு!

தாஸ் உடனே என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார். மாலையே அவள் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா என் பாதத்தில் நாடியைத் தேடினார். இடம் மாற்றி மாற்றித் தேடினார். துடிப்பு சரியாகக் கிடைக்கவில்லை.

"கால் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும் போல. சர்க்கரைக்கு வாராவாரம் ஊசி போடறீங்கதானே?"

நாலாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அதே பழக்கத்தில் ஊசியையும் நிறுத்தியிருந்தேன்.

"அந்த ஊசியில தொப்பை கரைஞ்சிடுச்சேம்மா. ரயில்ல எல்லாரும் இன்னா வியாதின்னு கேட்டாங்க, அதான் நிறுத்திட்டேன்..."

"அது தொப்பைக்கு மட்டுமா? ரத்தக்குழாயையும் காப்பாத்தலாம்னு இப்ப சொல்றாங்க. இப்படியே விட்டா காலுக்கே ஆபத்து."

"போட்டுக்கினேன்னு வாராவாரம் எங்கிட்ட புளுகினியே! காலு போனா எதுக்குய்யா லேஸ் கட்டுவே?" என்று ஸ்டெல்லா அழுதுவிட்டாள்.

ஸ்கேனில், அடைப்பு முற்றவில்லை என்றார்கள். பிழைத்தேன். இப்போது ஞாயிறுதோறும் சர்ச்சுக்குக் கிளம்புமுன், ஸ்டெல்லா எதிரிலேயே ஊசி போட்டுக்கொள்கிறேன். கால் வலித்தால் நடுரோட்டில் நின்று, "வலிக்குது, இருங்கப்பா" என்று கத்துகிறேன். தாஸ் முன்னால் ஓடி எனக்கும் சீட்டில் கைக்குட்டை போட்டுவிடுகிறார்.